என் பல்லும் மூன்று நிற அட்டையும்

போன வாரம் கீழ்க்கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது முறுக்கோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. வேலையிடத்தில் அதை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: “அண்ணே, எனக்கும் ரெண்டு பல்லு ஆடுது. அரசாங்கத்துல காட்டவா, இல்ல ஜேபிக்குப் போயிடவா?” ஜேபி என்றால் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் மலேசிய ஊர், ஜோகூர் பாரு. ஆறு வருட அனுபவத்தை ஐந்து நிமிட ஓய்வில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தனியார் கிளினிக்கில் காட்டினால் அரசாங்க மானியம் கிடைக்கும் சாஸ் அட்டை, வருமானத்தைப் பொறுத்து நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிறத்தில் வரும். அதற்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்த அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பல் பிரிவு இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என் வயிற்றெரிச்சல் வேறு.

2020இல் என்னிடம் இருந்தது ஆரஞ்சு அட்டை. கடைவாயில் மிளகு அளவு சொத்தை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் காட்டினேன். இப்போதே அடைத்துவிடலாம் என்றார் மருத்துவர். அட்டையை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: ஆரஞ்சுக்குப் பல் அடைக்க மானியம் இல்லை, சுத்தம் செய்ய இல்லை, பிடுங்கவும் இல்லை. ரூட் கேனல், பல்லுக்கு மேல் மாட்டும் கேப், பல்செட் என்றால் உண்டு. சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

தள்ளிப்போட்டதற்குப் பலன் 2021இல் கிடைத்தது. இரவு இரண்டு மணிக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டு சமையலறையில் நடந்தேன். மறுநாள் ரூட் கேனல் என்றார்கள். இப்போது அட்டை வேலை செய்தது! அந்தப் பல்லுக்கு 170.50 வெள்ளி (டாலர்), அப்புறம் கேப்புக்கு 84.50 வெள்ளி கழித்தார்கள். கழித்தது போக நான் கட்டியது ஒரு மாத மளிகைச் செலவைவிட அதிகம். சின்ன ஓட்டையாக இருந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட அட்டை, நரம்பு செத்த பிறகு மாலையோடு வந்து நின்றது. சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்கென்று சேர்த்துவைக்கும் மெடிசேவ் மட்டும் என்ன, அதற்கு அண்ணன்தான். ஞானப்பல்லை அறுத்து எடுத்தால் அப்போது பணம் தந்தது, இருக்கிற பல்லை அடைத்துக் காப்பாற்றினால் தரவில்லை.

இந்த ஊருக்கு முன்கூட்டியே காப்பது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 1950களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கிறார்கள். தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பல் கிளினிக்கிலிருந்து பெயர்ச் சீட்டு வந்தால் வகுப்பே கப்சிப் ஆகிவிடும். எனக்கு முன்னால் போனவன் அழுதுகொண்டே திரும்பி வந்ததைப் பார்த்து நான் கழிவறையில் ஒளிந்திருக்கிறேன். அன்றைக்குத் துரத்திப் பிடித்துக் காசு வாங்காமல் அடைத்துவிட்டவர்கள், நாமே தேடிப் போகும் வயதில் ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்?

2023இல் அட்டையைப் புதுப்பிக்கும் நேரம். வீட்டில் எல்லாருடைய வருமானத்தையும் கூட்டித் தலைக்கு வகுப்பார்கள். மகன் தேசிய சேவை முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தலைக்கு 2,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது, பச்சை அட்டை வந்தது. பச்சைக்குப் பல் மானியம் சுத்தமாகக் கிடையாது. முதல் சம்பளத்தில் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தான் பிள்ளை. நான் இடது பக்கமாகவே மென்றேன்.

வீட்டிலேயே அதிகச் சலுகை என் அம்மாவுக்குத்தான். 1947இல் பிறந்தவர், ‘முன்னோடித் தலைமுறை’ என்று அரசாங்கம் தனிச் சலுகை தரும் மூத்தவர்களில் ஒருவர். வருமானமே பார்க்க மாட்டார்கள். வாயில் சொந்தப் பல் நான்குகூட இல்லை, ஆனால் கிளினிக்கில் அவருக்குத்தான் ராஜ மரியாதை. மானியத்தில் செய்த பல்செட்டை ஒருநாள் தேக்கா உணவங்காடியில் டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைத்துவிட்டார். நான் நல்ல குடிமகனாகத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேருமாகத் தட்டுகளைக் கிளறிய கதையை அவர் இன்னும் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறார், தப்பு முழுவதும் என்னுடையது என்பது போல.

பச்சை வந்த பிறகு பலதுறை மருந்தகத்துக்கு மாறினேன். அங்கே அட்டையின் நிறம் முக்கியமில்லை, குடிமகனாக இருந்தால் மானியக் கட்டணம்தான். முதல் தேதி ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது. எரிச்சலோடுதான் போய்ப் படுத்தேன்.

அங்கே பல் சுத்தம் செய்தவர் ஒரு மலாய்ப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒவ்வொரு பல்லாகச் சுரண்டி, நடுவில் நிறுத்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஈறு எங்கே இறங்கியிருக்கிறது என்று காட்டினார். நான் இத்தனை வருடம் பிரஷ்ஷை எவ்வளவு முரட்டுத்தனமாகப் பிடித்திருக்கிறேன் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. “பெருசா தொற”, “வலிக்குதா?”, “கொப்பளி” என்று மூன்று தமிழ் வார்த்தைகள் வைத்திருக்கிறார். மரியாதை விகுதி அந்த மூன்றில் அடங்கவில்லை, பரவாயில்லை. இவ்வளவு பொறுமையாக இதுவரை யாரும் என் வாயைப் பார்த்ததில்லை. கட்டணம் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டு டீ குடிக்கிற காசுதான்.

எழுந்திருக்கும்போது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் சுத்தம் செய்யவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அதே தாளைக் கவுன்டரில் கொடுத்தேன். பதினொரு மாதம் கழித்துத் தேதி போட்டார்கள். “ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறதே?” என்றேன். “ஆமாம்” என்றார், அவ்வளவுதான். அந்த “ஆமாம்” இன்னும் என் காதில் கேட்கிறது. ஆறு என்று எழுதிக்கொடுக்கிற கையும் பதினொன்று என்று அச்சடிக்கிற கையும் ஒரே கட்டடத்தில் இருபது அடி தள்ளி உட்கார்ந்திருக்கின்றன.

2025 அக்டோபரிலிருந்து பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைகளுக்கு சாஸ் மானியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம். என் ரூட் கேனலுக்கு நான்கு வருடம் பிந்திவிட்டது.

முறுக்கில் வந்த அடைப்புக்கு வருகிறேன். மறுநாள் காலை ஏழேகாலுக்கே, தேதி இல்லாமல், பலதுறை மருந்தக வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர், எல்லாரும் கன்னத்தில் கை வைத்தவர்கள். பத்து மணிக்குள் அடைத்து அனுப்பிவிட்டார்கள். போன தடவை போட்டதைவிட நேர்த்தியாகவே இருக்கிறது, நாக்கில் தட்டவில்லை. வேலைத் திறமையைக் குறை சொன்னால் எனக்கே பொறுக்காது.

ஆனாலும் தம்பியிடம், “ஆடுற பல்ல வச்சுக்கிட்டு இங்க தேதிக்குக் காத்திருக்காத. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி ஜேபிக்குப் போயிடு” என்றுதான் சொன்னேன்.

“அப்ப நீங்களும் வாங்கண்ணே, ஒண்ணா போயிட்டு வந்துடலாம்.”

எனக்கு மார்ச் 17, காலை 8.40க்குத் தேதி இருக்கிறது. அதை நான் விடமாட்டேன்.