பிஎஸ்ஏ நம்பர் ஒண்ண மட்டும் காட்டி கேன்சர்னு சொன்னா பணம் கட்டாதீங்க (கிருஷ்ணகிரி)

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இருக்கிறவங்க, வீட்ல அறுபது தாண்டுன ஆம்பளைங்க இருந்தா தயவுசெஞ்சு முழுசா படிங்க.

அப்பாவுக்கு 67 வயசு. ராத்திரில அடிக்கடி ஒண்ணுக்கு எந்திரிப்பாரு, வயசானா அப்படித்தான்னு சொல்லிட்டே இருந்தாரு, போன மாசி மாசம் குளிர் காய்ச்சல் வந்து ஒண்ணுக்கு சுத்தமா அடைச்சிக்கிச்சு, அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். டியூப் போட்டு யூரின் எடுத்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் பாத்தாங்க.

மறுநாள் காலையில டியூபும் காய்ச்சலும் இருக்கும்போதே ரத்தம் எடுத்தாங்க. பிஎஸ்ஏ, அதாவது மூத்திரப்பைக்கு கீழ இருக்கிற புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்த டெஸ்ட், 23, நார்மல் 4க்குள்ளன்னு ரிப்போர்ட்லயே போட்டிருந்துச்சு. டாக்டர் அம்மாவையும் உள்ள கூப்பிட்டு, "புரோஸ்டேட் கேன்சர்மா, எலும்புக்கு பரவுறதுக்குள்ள ஆண் ஹார்மோன நிறுத்த விதைய எடுத்துடணும், இல்லன்னா ஹார்மோன் ஊசி, இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்"னுட்டாரு. சதை எடுத்து பாக்குற பயாப்சி எடுக்க வேணாமா சார்னு கேட்டேன், "நம்பரே சொல்லுதே, இந்த வயசுல எதுக்கு குத்திக்கிட்டு"ன்னாரு. அம்மா சுவத்த புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. அந்த பயத்துலயே கவுண்டர்ல பேக்கேஜ்னு சொல்லி 40,000 அட்வான்ஸ் வாங்கிட்டாங்க.

சித்தப்பா பையன் சேலத்துல லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட் போட்டோ அனுப்புனதும் அவன் கேட்டதே, "அண்ணா, ரத்தம் எடுக்கும்போது பெரியப்பாவுக்கு டியூப் இருந்துச்சா, காய்ச்சல் இருந்துச்சா?"ன்னுதான். பிஎஸ்ஏ எல்லா ஆம்பளைக்கும் புரோஸ்டேட்ல சுரக்கிற ஒரு புரதம், யூரின் இன்ஃபெக்‌ஷன், சுரப்பி வீக்கம், அடைப்பு, டியூப் போட்டது இது எல்லாத்துக்குமே ஏறும், இன்ஃபெக்‌ஷன் ஆறி ஆறு எட்டு வாரம் கழிச்சு பாத்தாத்தான் அந்த நம்பர நம்பலாம். இதுக்கு நேர்மாறாவும் ஏமாறலாம், வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரை மாசக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியா குறைச்சு காட்டும், அத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கையெழுத்து போட்டு டிஸ்சார்ஜ் வாங்கிட்டு சேலத்துல ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட (மூத்திரப் பாதை டாக்டர்) போனோம். ஆசனவாய் வழியா விரல் விட்டு புரோஸ்டேட்ட தடவி பாத்தாரு, கட்டி எதுவும் தட்டுப்படல, யூரின் கல்ச்சர் பாத்து ஆன்டிபயாடிக் குடுத்தாரு, அப்புறம் டியூபும் எடுத்தாச்சு. அவர் சொன்ன நாள் வரைக்கும் காத்திருந்து மறுபடி பாத்தா பிஎஸ்ஏ 3.4. வயசுக்கு வர்ற சாதாரண வீக்கம், மாத்திரை ஓடிட்டு இருக்கு. விதைய எடுத்திருந்தா திரும்ப வைக்க முடியுமா?

இன்ஃபெக்‌ஷன் ஆறியும் நம்பர் இறங்கலன்னா எம்ஆர்ஐ, அதுல சந்தேகமா இருந்தா பயாப்சி. பத்து பன்னெண்டு இடத்துல ஊசியால சதை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்து, கேன்சர் இருந்தா எவ்வளவு தீவிரம்னு கிலீசன் ஸ்கோர் போடுவாங்க, 6ன்னா மெதுவா வளர்ற ரகம், ஆபரேஷன் இல்லாம வெறுமனே கண்காணிக்கிறதே நிறைய பேருக்கு போதும், 8லேருந்து 10 வரைக்கும் தீவிரம். பிஎஸ்ஏ நூத்துக்கணக்குல ஏறி, எலும்புல பரவுனது ஸ்கேன்ல தெரிஞ்சு, தண்டுவடம் அழுந்துற அவசரத்துல சில பேருக்கு பயாப்சிக்கு முன்னாடியே வைத்தியம் ஆரம்பிக்கிறது உண்டுதான். அப்பாவுக்கு எலும்பு ஸ்கேனே எடுக்கலயே, அப்புறம் எத வச்சு சொன்னாங்க?

அதுக்காக டெஸ்டே வேணாம்னு யாரும் இருந்துடாதீங்க. எங்க மாமா ஒருத்தர் இடுப்பு வலிக்கு தைலம் தேச்சிக்கிட்டே இருந்தாரு, கடைசில பாத்தா புரோஸ்டேட்லேருந்து எலும்புக்கு பரவியிருந்துச்சு.

இன்னொண்ணு, பாக்கி கட்டுனாத்தான் ஃபைல்னு அந்த மொத ஆஸ்பத்திரில பிடிவாதம் புடிச்சாங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல ரெக்கார்டு குடுக்கணும்னு 2002 மருத்துவ கவுன்சில் விதியிலயே இருக்கு, அத வெள்ளத்தாள்ல எழுதி சீல் வாங்குனதுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க. பிரிச்சு பாத்தா டயக்னாசிஸ்ல கார்சினோமா புரோஸ்டேட்னு, அதாவது புரோஸ்டேட் கேன்சர்னு எழுதியிருக்கு. ஒரு துளி சதை எடுக்கல!

அட்வான்ஸ் இன்னும் வரல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்லயும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்லயும் மனு குடுத்திருக்கேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா ரசீது, ரிப்போர்ட் ஜெராக்ஸ் வச்சு நீங்களும் குடுங்க, ஒரே ஒருத்தர் மனுன்னா ஓரமா வச்சிடுவாங்க.