பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்: படித்து முடித்தவளின் மதிப்புரை

நான் படித்தது பி.எஸ்சி.; மருத்துவமனையில் என்னை அழைப்பதோ பி.ஏ. என்று. 'பி.எஸ்சி. முடித்துவிட்டு எதற்கம்மா மறுபடியும் பி.ஏ.?' என்று கேட்ட பெரியப்பாவுக்கு, அது மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்பதன் சுருக்கம் என்று விளக்கிய பிறகும், அவர் ஊரில் என்னை நர்ஸ் என்றே சொல்லி வருகிறார். தமிழில் மருத்துவ உதவியாளர் என்று சொன்னால் தள்ளுவண்டி தள்ளும் பணியாளரை நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டுகளும் கணிசமான பணமும் கேட்கும் ஒரு படிப்பு தன் பெயரையே இப்படி ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டிய நிலையில் இருப்பதை அதன் முதல் குறையாகப் பதிவு செய்கிறேன். பிளஸ் டூ முடித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்றுதான், படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் வேலையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் தொடங்கிய இந்தப் படிப்பு, 1992-இல் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியனின் முயற்சியால் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்தியாவுக்கு அறிமுகமானது. இதய அறுவையோடு உள்ள அந்தப் பிறப்புத் தொடர்பு இன்றும் விட்டுப்போகவில்லை; இத்துறையில் வேலை தேடுபவர்கள் முதலில் தட்டும் கதவு பெரும்பாலும் இதய அறுவைப் பிரிவாகத்தான் இருக்கிறது.

நான் சேர்ந்தது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும், மேற்கு மாவட்டம் ஒன்றிலுள்ள தனியார் கல்லூரி. கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக் குழு நடத்திய துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வின் வழியாக, நீட் மதிப்பெண் எதுவும் கேட்கப்படாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையிலேயே எனக்கு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் சேர்ந்தோம். ஆனால் விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், பதிவேடு என்று பின்னால் வந்தவற்றை அப்பா கணக்கில் எடுத்திருக்கவில்லை. மூன்று ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு கட்டாயப் பயிற்சி என்பது படிப்பின் அமைப்பு.

முதல் ஆண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை, ரேடியாலஜி மாணவர்களும் டயாலிசிஸ் மாணவர்களும் எங்களோடு ஒரே அரங்கில் அமர்ந்திருக்க, மைக் வைத்து நடத்தினார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது; என் அறைத்தோழி தசைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தே தேர்ச்சி பெற்றாள். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டே அடுத்த ஆண்டுப் பாடங்களையும் சுமக்க நேரும் என்பதால், இந்த ஆண்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இந்தப் படிப்பின் உண்மையான சரக்கு வார்டில்தான் இருக்கிறது. நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, பரிசோதித்துப் பார்ப்பது, மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு படுக்கையின் நிலையையும் இரண்டு நிமிடத்தில் சொல்வது, அன்றைய முன்னேற்றத்தைக் கேஸ் ஷீட்டில் பதிவது, டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரைவை எழுதுவது ஆகியவைதான் எங்கள் தொழில். நெஞ்சு வலி என்று வந்தவரிடம், வலி எங்கே தொடங்கியது, எங்கே பரவியது, படியேறினால் கூடியதா, வியர்த்ததா என்று வரிசை மாறாமல் கேட்கப் பழகுவதற்கே எனக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. 'நெஞ்சைக் கரிக்கிறது' என்று ஒரு பாட்டி சொன்னதை நான் வெறும் அசிடிட்டி என்று எழுதியிருக்க, அவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்ன மூத்த மருத்துவர், அதன் அலைகளில் இருந்த மாற்றத்தைக் காட்டிவிட்டு, திட்டாமல் மறுபடியும் அதே பாட்டியிடம் என்னை அனுப்பி எல்லாக் கேள்விகளையும் திரும்பக் கேட்கச் சொன்னார். எந்த வகுப்பிலும் எனக்கு அவ்வளவு கற்றுக்கொடுத்ததில்லை. தமனி ரத்தத்தின் வாயு அளவைப் படிப்பதும் அப்படித்தான்: ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும் என்று தேர்வில் எழுதியவள், வென்டிலேட்டரில் இருந்த ஒருவருக்கு அது 7.2-க்கு இறங்கிய இரவில்தான் அந்த எண்ணுக்குப் பொருள் இருப்பதை உணர்ந்தேன்.

இதய அறுவைப் பிரிவில் கழித்த வாரங்கள் இப்படிப்பின் உச்சம். பைபாஸ் அறுவையில் மார்பை மருத்துவர் திறக்கும் அதே நேரத்தில், பயிற்சி பெற்ற பி.ஏ. ஒருவர் கணுக்காலின் உட்புற எலும்புக்குச் சற்று முன்னால் தொடங்கும் சஃபீனஸ் சிரையைக் காலிலிருந்து எடுத்து, அதன் கிளைகளைக் கட்டி, கசிவு இல்லாமல் தயார் செய்து கொடுக்கிறார். அந்தச் சிரைதான் அடைபட்ட தமனிக்கு மாற்றுப் பாதையாகப் பொருத்தப்படுகிறது. எங்கள் மூத்த அண்ணன் ஒருவர் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்தப் படிப்பு என்னவென்று பெரியப்பாவுக்கு இதைத்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

இனிக் கசப்பான பகுதி. பயிற்சி ஆண்டில் எல்லாப் பிரிவுகளுக்கும் சுழற்சி முறையில் அனுப்புவோம் என்று சேர்க்கையின்போது சொன்ன எங்கள் கல்லூரி, நடைமுறையில் எங்களில் பாதிப் பேரைக் காப்பீட்டு மேசைக்கு அனுப்பியது. நோயாளியின் அட்டையைச் சரிபார்ப்பது, முன் அனுமதிக்கான படிவத்தை நிரப்புவது, ஸ்கேன் படங்களைப் பதிவேற்றுவது, நிராகரிக்கப்பட்டால் விளக்கக் கடிதம் எழுதுவது என்று நான் மட்டும் ஏறத்தாழ நான்கு மாதம் கணினிக்கு முன்னால் இருந்தேன். அதற்கான உதவித்தொகை மெஸ் கட்டணத்துக்கே சரியாக இருந்தது. மருத்துவமனைக்கு அந்த வேலை தேவை என்பதை மறுக்கவில்லை; ஆனால் அதற்கு ஒரு பட்டப்படிப்பின் பயிற்சிக் காலத்தை எடுத்துக்கொண்டதும், பயிற்சியில் செய்தவற்றைப் பதியும் லாக் புக்கில் நாங்கள் பார்க்காத செய்முறைகளுக்கும் வரிசையாகக் கையெழுத்து விழுந்ததும் நேர்மையான செயல்கள் அல்ல.

படிப்பு முடிந்த பின் என்ன அதிகாரம் கிடைக்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில்தான் பி.ஏ. பணிபுரிய முடியும், தனியாக கிளினிக் வைப்பதோ, சொந்தப் பெயரில் மருந்துச் சீட்டு எழுதுவதோ இயலாது. 'மினி டாக்டர்' என்று விளம்பரப்படுத்தும் ஏஜென்ட்டுகளிடமிருந்து விலகி இருங்கள். 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய, துணை நலத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வகுத்த 10 பிரிவுகளில் ஒன்றில், எங்கள் பணியின் இன்னொரு பெயரான ஃபிசிஷியன் அசோசியேட் என்பதும் இடம்பெற்றிருப்பது நல்ல செய்தி. அதுவரை எங்களுக்கென்று தேசிய அளவில் ஒரு பதிவேடே இருந்ததில்லை. பெயர்ச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று: இங்கிலாந்தில் அசோசியேட் என்று மாற்றியதை மீண்டும் அசிஸ்டென்ட் என்றே ஆக்கலாம் என இந்தப் பணியைப் பற்றி அந்நாட்டு அரசு கேட்டு 2025-இல் வெளியான லெங் ஆய்வறிக்கை பரிந்துரைத்தது.

வெளிநாட்டுக் கனவோடு சேர்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இப்போது இது முதுநிலைப் படிப்பு. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் படித்துத் தேசியத் தேர்வில் தேறினால்தான் உரிமம் கிடைக்கும். நம் பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு நேரடியாக அந்த வேலைக்குப் போக முடியாது.

சம்பளத்தைப் பொறுத்தவரை, முதல் வேலையில் எனக்குக் கிடைத்தது மாதம் 15,000 ரூபாய்; வங்கிக் கடன் தவணை போக மீதியைச் சொல்ல எனக்கே கூச்சம். அதே கல்லூரியில் டயாலிசிஸ் தொழில்நுட்பம் படித்த என் தோழிக்குத் தொடக்கம் ஏறத்தாழ இதே அளவுதான் என்றாலும், ஒரு நோயாளிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் சிகிச்சை தேவைப்படுவதால், டயாலிசிஸ் மையம் நோயாளிக்கு அருகிலேயே இருக்க வேண்டியிருக்கிறது; அதனால் எங்கள் சிற்றூருக்குப் பக்கத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பி.ஏ.வுக்கோ பெரிய மருத்துவமனை உள்ள நகரம் வேண்டும். சொந்த ஊரை விட்டு நகர விரும்பாதவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு பிரிவைப் பார்க்கலாம்.

பாடத்திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு, நான் படித்த கல்லூரிக்கு இரண்டு, வேலை வாய்ப்புக்கு மூன்று என்று மதிப்பெண் கொடுப்பேன். சேர்வதற்கு முன் கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதை விட, அதனோடு இணைந்த மருத்துவமனையின் வார்டுக்கு ஒரு வேலை நாள் காலையில், பார்வையாளர் நேரத்தில் சென்று, படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா, மாணவர்கள் நோயாளி அருகே நிற்கிறார்களா என்று பாருங்கள். பிறகு பயிற்சி ஆண்டில் இருக்கும் ஓர் அக்காவையோ அண்ணனையோ கேன்டீனில் பிடித்து, கடைசியாக எப்போது கேஸ் ஷீட் எழுதினீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் அந்த நான்கு மாதத்தில் யாராவது கேட்டிருந்தால், எனக்கு நாள் நினைவில் இருந்திருக்காது.