வேலூர் வெயிலுக்கு எந்தத் தார்க்கலவை? ஹாட் மிக்ஸ், வார்ம் மிக்ஸ், கோல்ட் மிக்ஸ் – ஓர் அலசல்

எங்கள் பக்கத்தில் சாலை போடும் காலம் பெரும்பாலும் வெயில் காலம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார் வேலை ஓடாது. மாசியில் சூடுபிடிக்கும் வேலை, கத்திரி வெயில் முடிந்தும் நடக்கும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான விஷயம். அந்த வெயிலில், 150 டிகிரிச் சூட்டோடு டிப்பரிலிருந்து கொட்டும் கலவைக்குப் பக்கத்தில், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். கலவையை விரிக்கும் பேவர் இயந்திரம் விட்டுப்போன ஓரங்களை அவர்கள்தான் கையால் வாரிச் சமன்செய்ய வேண்டும். குறைந்த சூட்டில் தார் கலப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் கார்பன் கணக்கைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அந்த ஆட்களின் நுரையீரலும் அதே அளவுக்கு முக்கியம்.

முதலில் ஹாட் மிக்ஸ், அதாவது தாரையும் ஜல்லியையும் நன்றாகச் சூடாக்கிக் கலப்பது. நாம் தார் என்று சொல்லும் பிட்டுமன் சாதாரண வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு ஜல்லியையும் அது முழுதாக மூட வேண்டுமானால் நன்றாக இளக வேண்டும். நம் ஊரில் அதிகம் புழங்கும் விஜி-30 ரகத் தாரை 150 முதல் 165 டிகிரிக்குள் கலக்க வேண்டும், விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது, 90க்கு இறங்கும் முன் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும் என்பது மத்தியச் சாலை அமைச்சகத்தின் விதி. இதன் பலம், எல்லோருக்கும் பழகிய முறை என்பது. கலவை தயாரிக்கும் பிளான்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம்.

பலவீனம் புகை. வழியில் ஆறிவிடுமோ என்ற பயத்தில் பிளான்டிலேயே அளவுக்கு மீறிச் சூடேற்றி அனுப்பினால், டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் வீணாவதோடு தாரும் கருகிச் சீக்கிரமே முதுமையடைகிறது. போட்டுச் சில வருடங்களிலேயே சாலை வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், சாலை வேலையின்போது எழும் பிட்டுமன் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2பி பிரிவில் வைத்தது. நிரூபணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் தினமும் அந்தப் புகையில் நிற்பவர்கள் விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக் கூடாது.

வார்ம் மிக்ஸ் 1990களில் ஐரோப்பாவில் தொடங்கியது. வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி குறைவான சூட்டில் கலப்பார்கள். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2014-இலேயே இதற்கு எஸ்பி 101 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. சூடு 10, 12 டிகிரி குறைந்தால் புகை பாதியாகும் என்பது துறையில் உள்ள பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 30 டிகிரி குறைத்தாலே புகை ஆறில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த முறைக்குச் சொல்லக்கூடிய மிகப் பெரிய நியாயம் இதுதான்.

இதில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று நுரைத்தார்: சூடான தாரில் துளி அளவு தண்ணீரைப் பீய்ச்சினால் அது ஆவியாகித் தாரை நுரைக்க வைக்கும், நுரைத்த தார் குறைந்த சூட்டிலும் ஜல்லியைப் பிடிக்கும். தண்ணீருக்குக் காசில்லை என்றாலும் பிளான்டில் தனிக் கருவி பொருத்தியாக வேண்டும். பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படியாகும். தாலுகா அளவில் வேலை எடுப்பவருக்கு ஆகாது. இரண்டாவது மெழுகு: சுமார் 100 டிகிரிக்கு மேல் உருகித் தாரை இளக்கும், ஆறிய பிறகு கெட்டிப்படுத்தும். மூன்றாவது வேதிப்பொருள்: தாருக்கும் கல்லுக்கும் நடுவே வழுக்கல் கொடுத்துக் கல்லைச் சுலபமாக மூடவைக்கும்.

நம் மாவட்டத்துக்கு எது? வடாற்காட்டு ஜல்லி பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறையிலிருந்து வருவது. அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருக்கம். மழை இறங்கினால் தார் உரிந்துகொள்ளும். ஒட்டும் திறனையும் கூட்டுகிற வேதிப்பொருள் இங்கே சூட்டையும் குறைக்கும், உரிதலையும் தடுக்கும். ஊர்ச் சாலைகளுக்கும் நகரச் சாலைகளுக்கும் என் ஓட்டு அதற்கே. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசைகட்டி ஊர்ந்து போகும் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிப் பக்கம் மட்டும் மெழுகைப் பரிசீலிப்பேன். ஏனென்றால், குறைந்த சூட்டில் கலந்த தார் ஆரம்பத்தில் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும். கோடையில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது சக்கரத் தடம் பள்ளமாக விழக்கூடும். மெழுகின் கெட்டித்தன்மை அங்கே உதவும்.

வார்ம் மிக்ஸ் என்றாலே எரிபொருள் மிச்சம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஒரு கணக்கை அவர்கள் சேர்ப்பதில்லை. ஒரு டன் ஜல்லியில் 1 சதவீதம் ஈரம் என்றால் 10 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தில், அதே ஒரு டன் காய்ந்த ஜல்லியின் சூட்டை ஏறத்தாழ 28 டிகிரி உயர்த்திவிடலாம். அதாவது மழையில் நனைந்த குவியலை அப்படியே ஜல்லியை உலர்த்தும் டிரம்முக்குள் தள்ளினால், வார்ம் மிக்ஸில் மிச்சமானது அத்தனையும் ஈரத்திலேயே போய்விடும். சூடு குறைவாக இருப்பதால் கல்லுக்குள் ஈரம் தங்கும் ஆபத்தும் கூடும். அது பின்னால் தாரை உரிக்கும். ஆகவே எந்தக் கலவையாக இருந்தாலும் முதல் செலவு ஜல்லிக்கும் கிரஷர் தூளுக்கும் மேலே ஒரு தகரக் கூரையாக இருக்கட்டும். தண்ணீரை அதிகம் பிடித்துவைப்பது தூள்தான். அதை மட்டுமாவது மூடலாம்.

பிளாஸ்டிக் சாலையையும் சொல்லியாக வேண்டும், அது தமிழ்நாட்டின் பெருமை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லி மேல் தூவி உருகவைத்து, பிறகு தார் சேர்ப்பார்கள். சிக்கல் இங்கேதான்: அந்த முறைக்குச் சூடு வேண்டும், வார்ம் மிக்ஸுக்குச் சூடு கூடாது. ஒரே சாலையில் இரண்டையும் எதிர்பார்க்க முடியாது. குப்பை குவியும் ஊராட்சிகளின் சாலைக்குப் பிளாஸ்டிக்கை விட்டுவிடலாம். நெரிசலான வேலூர் அண்ணா சாலை, காட்பாடி சாலை போன்ற இடங்களுக்கு வார்ம் மிக்ஸ்தான் சரி. இரவில் போட்டாலும் சீக்கிரம் ஆறி, விடியும்போது வண்டி விடலாம்.

அப்புறம் கோல்ட் மிக்ஸ். தாரைத் தண்ணீரில் கலந்த எமல்ஷனைச் சூடாக்காத ஜல்லியோடு அப்படியே கலப்பார்கள். ஜல்லியை உலர்த்தும் செலவே கிடையாது, புகையும் கிடையாது. எரிபொருள் கணக்கில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் கனரக வண்டிகளைத் தாங்காது, இறுகவும் நேரம் எடுக்கும். அதனால் நெடுஞ்சாலைக்கு வேண்டாம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற ஜவ்வாது மலை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஹாட் மிக்ஸை ஏற்றிய டிப்பர் வளைந்து வளைந்து மேலே போய்ச் சேர்வதற்குள் கலவை பாதி ஆறிவிடும். எமல்ஷன் டிரம்மை மலைக்கு ஏற்றிச் சின்ன மிக்சரில் அங்கேயே கலந்துகொள்ளலாம். போடும்போது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கறுக்கும்; கறுத்த பிறகுதான் ரோலரை ஏற்ற வேண்டும். நம் வெயில் இந்த வேலைக்குக் கைகொடுக்கும். ஆனால் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். பிரியாத எமல்ஷன் மேல் மழை விழுந்தால் ஜல்லியை மட்டும் விட்டுவிட்டுத் தார் ஓடையோடு போய்விடும்.