புது ஸ்கீபோர்டு என்று சொல்லி வாடகைக்குக் கொடுத்தது இதுதான், பைண்டிங்கைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்

சின்ன ரிசார்ட்டுகளில் ஸ்கீபோர்டு (பனியில் சறுக்க இரண்டு காலிலும் மாட்டும் குட்டை ஸ்கீ) வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

"புது ஜோடி வந்திருக்கிறது, ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம், வாடகையை விலையில் கழித்துவிடுகிறோம்" என்றார்கள் வாடகைக் கடையில். முன்பதிவு செய்யும்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பூட்டை, அதாவது காலில் போடும் ஸ்கீ பூட்ஸை, போர்டோடு பிடித்து வைப்பதுதான் பைண்டிங்; விழுந்தால் அதைத் தானாகக் கழற்றிவிடும் ரிலீஸ் பைண்டிங் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்லித்தான் வாடகையையும் டெபாசிட்டையும் முழுதாக வாங்கினார்கள்.

போய்ப் பார்த்தால் சாதாரணக் கம்பி பைண்டிங். பூட்டின் முன்னுதட்டையும் பின்னுதட்டையும் கம்பியால் பிடித்து லீவரை மடக்குவது, அவ்வளவுதான். எத்தனை வேகமாக விழுந்தாலும் அது கழலாது. கேட்டதற்கு, "ஒரு மீட்டர்கூட இல்லாத போர்டு சார், இதற்கெல்லாம் ரிலீஸ் தேவையே இல்லை, பணம் திரும்பாது" என்று பதில். இதைச் சொல்லித்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். போர்டு குட்டையாக இருப்பதால் முழங்காலுக்கு வரும் முறுக்கு குறையும், உண்மைதான். ஆனால் பைண்டிங் கழலாதபோது அந்த விசை முழுக்கப் பூட்டுக்கு மேலே கெண்டைக்கால் எலும்பில் போய் இறங்குகிறது. சாதாரண ஸ்கீயைவிட இதில் கீழ்க்கால் முறிவுகள் அதிகம் என்று மருத்துவர்கள் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். அடியில் ஒரு பிளேட் வைத்து ரிலீஸ் பைண்டிங் பொருத்திய ஸ்கீபோர்டுகளும் விற்கத்தான் செய்கின்றன.

சரி, சரிவு குறைவான பக்கத்தில் மட்டும் ஓட்டலாம் என்று லீவரை மடக்கினேன். ஒற்றை விரலால் தட்டியதும் மூடிக்கொண்டது. அது அழுத்தி, டக்கென்று இறுகி மூட வேண்டிய லீவர். என் பூட்டுக்கு அளவு மாற்றித் தாருங்கள் என்றேன். பூட்டின் பக்கவாட்டில் அடிநீளம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அதைப் பார்க்கக்கூட இல்லை, ஸ்க்ரூடிரைவரையும் எடுக்கவில்லை, கையால் இரண்டு தட்டு தட்டி "ஓகே" என்றார் அந்த ஆள். போர்டு கழன்றால் ஓடிவிடாமல் காலோடு கட்டும் லீஷ் வார் எங்கே என்று கேட்டால், தீர்ந்துவிட்டதாம்! ரிலீஸ் பைண்டிங்கில் பிரேக் இருக்கும், கழன்ற ஸ்கீ பனியில் ஊன்றி நின்றுவிடும். இதில் பிரேக் கிடையாது, லீஷ் ஒன்றுதான் காப்பு.

பாதிச் சரிவில் இடது கால் கம்பி தானாகக் கழன்றது. நான் விழுந்தேன், அது பெரிதில்லை. கழன்ற போர்டு வேகம் பிடித்து நேராகக் கீழே, குழந்தைகள் கற்றுக்கொண்டிருந்த இடத்தை நோக்கி ஓடியது. நான் கத்தினதைக் கேட்டு ஒரு பயிற்சியாளர் பிள்ளைகளை இழுத்து ஒதுக்கினார், போர்டு வலையில் மோதி நின்றது. எஃகு விளிம்பு உள்ள பொருள் அது. ஒரு குழந்தையின் முகத்தில் பட்டிருந்தால்? இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

அப்புறம் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு முழுக்கத் துரு, அடித்தளத்தில் கீறல்களை நிரப்பிய மெழுகுத் தடம், பைண்டிங்கைப் பிடிக்கும் நான்கு திருகுகளில் இரண்டு விரலாலேயே சுழன்றன. இதுதான் அவர்களுடைய புது ஜோடி.

திருப்பிக் கொடுத்தபோது அந்தக் கீறல்களையே காட்டி, "நீங்கள் போட்டது" என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். துரு பிடித்த விளிம்பைக் காட்டினேன், ஒரே நாளில் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் துறப்புத் தாளை மேசையில் வைத்தார்கள், அதுதான் பதில்.

எடுக்கும் இடத்திலேயே அடிப்பக்கத்தையும் விளிம்பையும் திருகுகளையும் ஆட்கள் கண்முன்னே படம் எடுத்துக்கொள்ளுங்கள். லீஷ் இல்லாமல் கொடுத்தால் வாங்கவே வேண்டாம், பணம் போனாலும் பரவாயில்லை. நான் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அந்த ஜோடியை மறுபடி ரேக்கில் மாட்டியதை நான் கிளம்பும்போதே பார்த்தேன்.