பத்தாம் வகுப்புப் புவியியலுக்கு உலக உருண்டை வாங்கலாமா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிப்பவள் என்ற முறையில், எழுதுபொருள் கடையொன்றில் 1,350 ரூபாய்க்கு வாங்கிய 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நாடுகளை வெவ்வேறு வண்ணங்களில் காட்டும் சாதாரண வகைதான் இது. உள்ளே விளக்கெரிவது, தொட்டால் பேசுவது போன்ற வித்தைகள் எதுவும் இதில் இல்லை, பாடத்துக்கு அவை தேவையும் இல்லை.

அளவில்தான் இதன் பலம் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி சுமார் 2.6 மில்லிமீட்டர் வருவதால், 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கை மாணவர்கள் நூல் பிடித்து அளந்தே புரிந்துகொள்கிறார்கள். கிரீன்விச்சிலிருந்து 82°30' கிழக்குத் தீர்க்கக்கோடுவரை எண்ணிப் பார்த்தவர்களுக்கு, இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னதாக இருப்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் 20 சென்டிமீட்டர் உருண்டையில் இதே டிகிரி 1.7 மில்லிமீட்டராகக் குறுகிவிடும்; அதை மேசை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நூலை வைத்துச் செய்யும் இன்னொரு பயிற்சி வகுப்பில் எப்போதும் சலசலப்பை உண்டாக்கும். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால், சுவர்ப்படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே விரலை ஓட்டுவார்கள். ஆனால், உருண்டையின் மேல் இறுக்கிப் பிடித்த நூலோ திபெத், மங்கோலியா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு அலாஸ்காவில் இறங்குகிறது. வரைபடவியலாளர் மெர்கேட்டர் 1569-இல் வகுத்த முறையில் வரைந்த படங்களில் ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரியும் கிரீன்லாந்து, உண்மையில் அதன் பதினான்கில் ஒரு பங்குதான் என்பதும் இங்கே பார்த்தவுடன் விளங்கிவிடும்.

அச்சு 23½ டிகிரி சாய்வில் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இருட்டறையின் நடுவே மூடியில்லாத பல்பு ஒன்றை எரியவிட்டு, சாயும் திசையை மாற்றாமல் உருண்டையை அதைச் சுற்றி நகர்த்தினால் பருவ மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. கடகரேகைக்குத் தெற்கே இருக்கும் தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை தலைக்கு நேர் மேலே வருவதையும் காட்டிவிடலாம். பிளாஸ்டிக் தாங்கி மட்டும் இலேசானது. வேகமாகச் சுழற்றினால் ஆடுகிறது.

குறை தாளின் அச்சடிப்பிலும் ஒட்டிலும் இருக்கிறது. நீள இலை வடிவில் அச்சிட்ட தாள்களை ஒட்டித்தான் இத்தகைய உருண்டைகளைச் செய்கிறார்கள். நான் வாங்கியதில் 90 டிகிரி கிழக்கில் வரும் ஒட்டு சரியாகப் பொருந்தாமல், வங்கதேசத்தின் எல்லைக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. இந்த அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்பது 42 கிலோமீட்டர். பெயர்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி மாணவர்களுக்காகக் கடல்களின் பெயர்களைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்கும் பொருளில் தமிழ் அச்சு கேட்பது பேராசையல்ல.

பழைய பதிப்பைத் தலையில் கட்டிவிடாமல் இருக்க, கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. 2011-இல் பிறந்த தெற்கு சூடான் தனி நாடாக இருக்கிறதா, சுவாசிலாந்து 2018-இல் மாற்றிக்கொண்ட எஸ்வாட்டினி என்ற பெயரில் இருக்கிறதா என்று பார்த்தாலே பதிப்பின் வயது தெரிந்துவிடும். இணையத்தில் விற்கும் இறக்குமதிச் சரக்கில் இந்தியாவின் எல்லைகளை, குறிப்பாக ஜம்மு காஷ்மீர், லடாக் பகுதிகளை, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மாறாக அச்சிடுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

பொதுத்தேர்வின் வரைபடக் கேள்விக்கு இது உதவாது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைவரை மொத்தமே ஒன்றரை சென்டிமீட்டர் வரும் இடத்தில் மேட்டூர் அணையையும் நெய்வேலியையும் எங்கே குறிப்பது? அதற்கு வெற்று வரைபடக் கட்டு ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுப் பிழையையும் மீறி, ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த உருண்டையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பள்ளிக்கு வாங்குவோர் மட்டும், கூடுதலாகச் சில நூறு ரூபாய் செலவானாலும் உலோகத் தாங்கி உள்ளதையே கேட்டு வாங்கலாம்.