வீட்டு பி.பி. மெஷின்: வருடக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிய வருபவை

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின் மீது வரும் புகார் ஒன்றுதான்: "ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் காட்டுது." 148, அடுத்த நிமிடம் 136, அதற்கடுத்து 141. பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ரத்த அழுத்தமே நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. அதோடு பட்டை கட்டிய விதமும் உட்கார்ந்த விதமும் சேர்ந்து எண்ணை இன்னும் பத்து, இருபது தள்ளிவிடும்.

இந்த மெஷின் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுபோல் ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் காற்றை ஏற்றி ரத்தக்குழாயை அழுத்தி, நாடி துடிக்கும்போது பட்டைக்குள் உண்டாகும் அதிர்வை அளக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்) கீழ் எண்ணும் (இதயம் தளரும்போதுள்ளது) அதையொட்டிக் கணக்கிட்டு எடுக்கப்படுபவை. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அளக்கும்போது கை அசைந்தால் எண் கெடுவதும், இரண்டு கம்பெனி மெஷின்கள் சில புள்ளிகள் வித்தியாசம் காட்டுவதும் இதனால்தான். இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரர்களுக்கு ஒரு அளவை நம்பக்கூடாது. மூன்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். திரையில் சீரற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால், டாக்டரிடம் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது.

மெஷினை விடப் பட்டைக்குத்தான் அதிக கவனம் தேவை. பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டெய்லர் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 34 செ.மீ. கையில் அந்தப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை கூடும். ஒல்லியான பெரியவர்களுக்குப் பெரிய பட்டை கட்டினால் இருக்கும் பிரஷரைக் குறைத்துக் காட்டும். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்க வேண்டும். டியூப் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். கட்டிய பின் ஒரு விரல் நுழைய வேண்டும். ரவிக்கைக் கையையும் முழுக்கைச் சட்டையையும் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அளப்பது பரவலான தவறு. சுருட்டிய துணி கயிறுபோல் கையை இறுக்கும். தளர்ந்த நைட்டியோ பனியனோ போட்டுக்கொண்டு வெறுங்கையில் கட்டுவதே சரி.

உட்காருவதிலும் கணக்கு இருக்கிறது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கட்டில் ஓரத்தில் முதுகுக்கு ஆதாரமில்லாமல் உட்கார்ந்தால் கீழ் எண் ஏறும். கையை மேஜைமேல், பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி வைக்க வேண்டும்; மேஜை தாழ்வாக இருந்தால் கைக்கடியில் ஒரு தலையணை. கையை மடியில் போட்டால், நெஞ்சு மட்டத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 புள்ளி கூடும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அளந்தாலும் கூடும். காபி, சிகரெட், நடைப்பயிற்சி முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அளந்து முடியும்வரை யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நம் வீடுகளில் கடைப்பிடிக்கச் சிரமமான விதி இதுதான்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, அதிகம் காட்டும் கையையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய 7 நாள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, நடுவே ஒரு நிமிட இடைவெளி. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். கிளினிக்கில் அதே எல்லை 140/90. அங்கே மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்களும் உண்டு, தலைகீழாக இருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரை வீட்டு மெஷின்தான் காட்டிக்கொடுக்கும். காலை அளவு மாத்திரை போடும் முன்பே எடுக்கப்பட வேண்டும். நேற்றுப் போட்ட மாத்திரை 24 மணி நேரமும் தாங்கியதா என்பது அப்போதுதான் தெரியும். மற்ற வாரங்களில் ஓரிரு நாள் பார்த்தால் போதும். தினம் பத்துத் தடவை பார்ப்பவர்களுக்குப் பதற்றத்தாலேயே ஏறும்.

நோட்டில் தேதி, நேரம், இரண்டு எண், நாடித்துடிப்பு, பக்கத்தில் சிறு குறிப்பு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டீர்களா, மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை போட்டீர்களா என்பது அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். இரண்டுமே பிரஷரை ஏற்றக்கூடியவை. மெஷின் நினைவகத்தை நம்பாதீர்கள். மாமனார் அளவும் மருமகள் அளவும் அதில் கலந்துகிடக்கும்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை முழுப் பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேட்கலை" என்று முடிவு கட்டக்கூடாது. கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையால் வரலாம். எனலாப்ரில், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளைப் போடுபவர்களுக்கு வறட்டு இருமல் வரலாம். எண் 120க்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய வில்லங்கம். மாத்திரை போடுவதால்தான் 120. க்ளோனிடின், பீட்டா பிளாக்கர் வகைகளைத் திடீரென நிறுத்தினால் சரேலென்று ஏறும். எழுந்தால் கிறுகிறுக்கிறது என்று சொல்லும் பெரியவர்களுக்கு, நின்றபின் 1, 3 நிமிடங்களில் அளந்து பாருங்கள். உட்கார்ந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 குறைந்தால் மருந்தளவை டாக்டர் பார்க்க வேண்டும்.

உப்பு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இதில் சேர்த்தி. இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாம் என்பது வீண். அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

திரையில் 180/120க்கு மேல் வந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் பலவீனம் ஏதாவது இருந்தால் 108. அறிகுறி எதுவும் இல்லையென்றால் அன்றே டாக்டருக்குப் போன். நிஃபெடிபின் காப்ஸ்யூலை நாக்கடியில் வைக்கும் பழைய வழக்கம் ஆபத்தானது. அழுத்தம் கட்டுமீறி இறங்கிப் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

மெஷினில் முதலில் தேய்வது பட்டைதான். வெல்க்ரோவில் நூலும் தூசும் அடைந்து, காற்று ஏறும்போது சரசரவென்று பிரியும். டியூபை இறுக்கி மடித்து வைத்தால் மடிப்பில் வெடிப்பு விழும். பம்ப் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் எரர் காட்டும். பட்டையைத் துவைக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மாற்றும்போது அதே கம்பெனியின், அதே மாடலுக்கான பட்டையே வாங்குங்கள். கணக்கு முறை அதற்கென்று அமைக்கப்பட்டது. மாதக்கணக்கில் அளக்காமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் முனைகள் அரித்துப்போகும். வருடத்துக்கொரு தடவை கிளினிக்குக்கு எடுத்துப்போய், ஒரே கையில் அவர்கள் கருவியும் உங்கள் மெஷினும் மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள் என்றால் கவலையில்லை, 10ஐத் தாண்டினால் புதிது வாங்குங்கள். மணிக்கட்டு மாடலைத் தவிர்த்துவிடலாம்; கை கொஞ்சம் தாழ்ந்தாலே எண் மாறும்.