பானட் விளக்கு: சில மழைக்காலம் தாண்டிய பிறகு

காரில் என்ஜினைப் பார்க்க பானட்டுக்கு அடியில் எல்இடி விளக்கு போடுவது அரை நாள் வேலை. போட்ட அன்று எந்த விளக்கும் பளிச்சென்றுதான் எரியும். வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளைத் திறந்து பார்த்தால், பழுதாகும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது. முதலில் எல்இடி ஸ்ட்ரிப்பின் (பட்டை விளக்கின்) பசை விடும். அடுத்து சுவிட்ச் துருப்பிடிக்கும். பிறகு கீல் பக்கத்தில் ஒயர் உறைக்குள்ளேயே அறும். எல்இடி சாவது கடைசியில்தான், அதுவும் பெரும்பாலும் வோல்டேஜ் கூடிப்போய். அதனால் இங்கே விளக்கைப் பற்றிக் கொஞ்சமும் மற்றவற்றைப் பற்றி நிறையவும் வரும்.

எந்த விளக்கு?

கடைகளில் ரோலாகக் கிடைக்கும் 5050 எஸ்எம்டி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்இடி, 14.4 வாட். அரை மீட்டர் போட்டால் 12 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் இழுக்கும். என்ஜின் பேவுக்கு அந்த வெளிச்சம் தாராளம். சிக்கல் அதன் முதுகில் இருக்கும் பசையில். என்ஜினை நிறுத்தியதும் ஃபேனும் காற்றோட்டமும் நின்றுவிடும். அடுத்த சில நிமிடங்களில்தான் பானட்டின் உள்பக்கம் நன்றாகக் காயும். கத்திரி வெயிலில் நின்ற வண்டியென்றால் மேலிருந்தும் சூடு. சாதாரணப் பசை இதற்கு ஒரு கோடை தாங்கினால் அதிகம். ஒரு முனை விட்டுத் தொங்கி, பெல்ட் பக்கம் போய்விட்டால் வேறு செலவு வரும். 3எம் விஎச்பி மாதிரி நல்ல டேப் போட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் வைத்தால் நிற்கும். ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீ. குறியில்தான் வெட்ட முடியும். வெட்டிய இடத்தில் செம்பு வெளியே தெரியும். மூடாமல் விட்டால் பச்சை பூத்து, அந்த முனையிலிருந்து ஒவ்வொரு துண்டாக அணையும்.

இதைவிட நீண்ட நாள் உழைப்பது விளம்பரப் பலகைக்குள் போடும் சைன்போர்டு மாட்யூல். மூன்று எல்இடி, பிளாஸ்டிக்கில் வார்த்து மூடிய உடம்பு, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரம், இரண்டு காதிலும் ஸ்குரூ துளை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொத்தாக விற்பார்கள். ஒரு வாட் மாட்யூல் ஆறு எடுத்தால் 6 வாட், அரை ஆம்பியர். பசையை நம்ப வேண்டியதில்லை, முனை மூடும் வேலையும் ஒன்றே ஒன்றுதான். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மாட்யூல்தான்.

நிறம் வெள்ளை மட்டும். நீலமும் சிவப்பும் போட்டோவுக்கு அழகாக இருக்கலாம். கூலன்ட் பச்சையா ரோஸா, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பழுப்பா கறுப்பா என்று அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியாது. கிடைத்தால் 4000 கெல்வின் வாங்குங்கள். 6500 கெல்வின் கூசும், எண்ணெய்க் கசிவையும் தண்ணீர் ஈரத்தையும் பிரித்துப் பார்க்க உதவாது.

கண்ணில் அடிக்கிற பிரச்சினை

இதைப் பலரும் மாட்டிய பிறகுதான் கவனிக்கிறார்கள். பானட்டைத் தூக்கி நிறுத்தினால் அதன் உள்பக்கம் நம்மைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அதில் தட்டையாக ஒட்டிய விளக்கு என்ஜின் மேல் பாதியும் நம் கண்ணில் பாதியும் அடிக்கும். விளக்கு என்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். அதற்குச் சமையலறை அலமாரிக்குக் கீழே ஸ்ட்ரிப் போட விற்கும் 45 டிகிரி அலுமினிய சேனல் போதும். மாட்யூல் என்றால் 20 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிளின் ஒரு பக்கத்தை பானட் விலாவில் பிடித்து, மறு பக்கத்தின் உள்முகத்தில் மாட்யூல். அந்த முகம் காரின் முன்கண்ணாடிப் பக்கம் பார்க்க வேண்டும். ஆங்கிளின் முதுகே நமக்கு மறைப்பாகிவிடும். அலுமினியம் சூட்டையும் வாங்கிக்கொள்ளும்.

ஆங்கிளைப் பிடிக்க பானட்டில் துளை போடாதீர்கள். உள்தகட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பிளாஸ்டிக் கிளிப்போ ரிவெட் நட்டோ போட்டுப் பிடிக்கலாம். ஸ்குரூதான் என்றால் 10 மி.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம். உள்தகட்டுக்குப் பின்னால் வெளித்தகடு இருக்கிறது. நீளமான ஸ்குரூ அதை உள்ளிருந்து முட்டினால் பானட்டின் மேலே பரு மாதிரி ஒரு புடைப்பு தெரியும், பெயின்ட் கடைக்குத்தான் போக வேண்டும். கறுப்புப் பஞ்சு பேடின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம், அது எதையும் பிடிக்காது.

சுவிட்ச்: ஒன்று போதாது

கையால் தட்டும் ஆன்-ஆஃப் டாகிள் சுவிட்ச் மட்டும் வைத்தால் ஒரு நாள் மறந்து பானட்டை மூடுவது நிச்சயம். மூடிய பானட்டுக்குள் எரிவது வெளியே தெரியாது. அரை ஆம்பியர் என்பது சின்ன எண்தான். ஆனால் 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-அவர். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டாம் நாள் காலை செல்ஃப் எடுக்காது.

பானட் திறந்தால் ஸ்பிரிங்கில் ஒரு பின் (குச்சி) மேலே வந்து விளக்கைத் தானாக எரியவைக்கும் பின் சுவிட்ச் மட்டும் வைத்தால் வேறு தலைவலி. சர்வீஸில் பானட்டைத் திறந்துபோட்டு நாளெல்லாம் விடுவார்கள், அத்தனை நேரமும் எரியும். பின் துருப்பிடித்து மேலேயே மாட்டிக்கொண்டாலும், மூடும்போது முழுதாக அமுங்காவிட்டாலும், உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் சீரிஸில், அதாவது ஒரே பாதையில் ஒன்றையடுத்து ஒன்றாகப் போடுங்கள். பாசிட்டிவ் பக்கம் டாகிள், எர்த் பக்கம் பின். டாகிளை மறந்தாலும் பானட்டை மூடினால் அணையும். பின் மாட்டிக்கொண்டாலும் டாகிள் காப்பாற்றும். கூடுதல் செலவு ஐம்பது, நூறு ரூபாய்க்குள். ஓடிய வண்டிகளில் தொந்தரவே இல்லாமல் நின்றது இந்த அமைப்புதான்.

பின் சுவிட்ச் என்பது கார் அலாரம் செட்டோடு வரும் அதே உருப்படி. ஒற்றை ஒயர், பின் மேலே வந்தால் அந்த ஒயரை பாடியோடு சேர்க்கும். ஆகவே அதை இறுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். சுரண்டியபடி விட்டால் துரு, அதனால் இறுக்கிய பிறகு மேலே வாசலின். ஸ்பிரிங்குக்கும் அதே. கடலோர ஊர்களில் ரப்பர் தொப்பி இல்லாத பின்னை வாங்கவே வேண்டாம்.

பின்னின் உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி: என்ஜின் ஆஃப், சாவி வெளியே. மொபைலில் வீடியோ ஓடவிட்டு, பானட் இடிக்காத பள்ளமான இடத்தில் வைத்து மூடுங்கள். எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் அணைகிறது என்று தெரியும். கடைசி நொடியில், லாக் விழும்போதுதான் அணைகிறது என்றால் பின் போதுமான அளவு அமுங்கவில்லை. இன்னும் 3, 4 மி.மீ. உயர்த்துங்கள். பானட்டின் ரப்பர் புஷ் தேயத் தேய இது மோசமாகாது, ஆனால் யாராவது புஷ்ஷைத் திருகி உயர்த்தினால் மோசமாகும்.

டாகிளுக்கு 12 மி.மீ. துளை வேண்டும். அதை வண்டியில் போடாமல் ஒரு சின்ன அலுமினியப் பட்டையில் போட்டு, ரேடியேட்டர் மேல் பட்டையில் இருக்கும் 10 நம்பர் போல்ட் ஒன்றின் அடியில் பட்டையைச் சேர்த்து இறுக்கலாம். சுவிட்சின் முகம் கீழ்நோக்கி, மேல் ரப்பர் தொப்பியோடு. உள்ளே சின்ன விளக்கு எரியும் ராக்கர் சுவிட்ச் பார்க்க நன்றாக இருக்கும். அந்தக் குட்டி விளக்கு எப்போதும் எரியும் விதத்தில் இணைத்துவிட்டால் 15 மில்லி ஆம்பியர் இழுக்கும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 11 ஆம்பியர்-அவர். வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தும் வண்டிக்கு அது கேடு.

ஒயரிங்

விளக்கு அரை ஆம்பியர்தான் என்றாலும் 0.75 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள், மின்சாரத்துக்காக இல்லை, வளைவைத் தாங்க. வீட்டு ஒயரிங்குக்கான தடித்த இழை வேண்டாம், மெல்லிய இழைகள் நிறைய இருக்கும் ஆட்டோ ஒயர். மொத்தம் 3 மீட்டர் இருந்தால் தாராளம்.

முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவ் டெர்மினல் போல்ட்டில் ரிங் லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), அதிலிருந்து 15 செ.மீ.க்குள் ஃபியூஸ் ஹோல்டர், அதில் 2 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். இந்த ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கல்ல, ஒயர் எரியாமல் இருக்க. கீலருகே உறை உரிந்து பாசிட்டிவ் தகட்டைத் தொட்டால் பேட்டரி முழு பலத்தையும் அந்த ஒயரில் கொட்டும். 2 ஆம்பியர் எரிந்துவிட்டது என்று கையிலிருக்கும் 15 ஆம்பியரைச் செருகும் பழக்கம்தான் ஆபத்து.

கம்பெனி ஒயரைச் சுரண்டி இணைக்காதீர்கள். சென்சார் ஒயரும் விளக்கு ஒயரும் ஒரே கட்டில் ஒரே மாதிரி இருக்கும், வாரண்டியும் போகும்.

எர்த்துக்கு பானட் தகட்டை நம்பக் கூடாது. கீலுக்கு மேல் பெயின்ட், நடுவில் கிரீஸ். ஒரு நாள் எரியும், ஒரு நாள் மினுக்கும். விளக்கின் நெகடிவைத் தனி ஒயராகக் கீழே பின் சுவிட்சுக்குக் கொண்டுவாருங்கள். பின் சுவிட்ச் இல்லாத அமைப்பென்றால் கம்பெனி எர்த் போல்ட்டில். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் இருக்கும் வண்டிகளில் நெகடிவ் டெர்மினலிலேயே கரன்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும். அங்கே டெர்மினலில் நேரடியாக இணைத்தால் சென்சாரின் கணக்கு தப்பும். பாடி எர்த்தில்தான் இணைக்க வேண்டும்.

கீல் பக்கம் கடக்க, கண்ணாடி கழுவும் வாஷர் குழாய் போகும் வழியே சிறந்தது. கம்பெனியே பார்த்து வைத்த வழி அது. வரிவரியான பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு, பானட் முழுதாகத் திறந்தாலும் இழுபடாத அளவு தளர்வு விடுங்கள். கேபிள் டையைக் கீலுக்கு ஒட்டிக் கட்டினால் வளைவு முழுக்க ஒரே புள்ளியில் விழும், அந்த இடத்தில்தான் இழை அறும். இருபுறமும் 8, 10 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள், ஒயர் நீண்ட வளைவாக வளையட்டும்.

சுற்றும் டேப்பும் முக்கியம். கறுப்பு பிவிசி இன்சுலேஷன் டேப் என்ஜின் சூட்டில் இளகி, பிசுபிசுவென்று வழிந்து அவிழ்ந்துவிடும். அதற்குத் துணி டேப் இருக்கிறது. டெசா 51036 என்ஜின் பக்கத்துக்கென்றே வருவது. இணைப்புகளைக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), உள்ளே பசை இருக்கும், சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்தால் ஈயம் ஏறி நின்ற இடத்தில் ஒயர் கட்டையாகி, அதிர்வில் அங்கே உடையும். முனைகளை மூட சிலிகான் போடுவதென்றால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகை. வாடை அடிக்கும் ரகம் காயும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும்.

14 வோல்ட் சங்கதி

ஸ்ட்ரிப்பில் எழுதியிருப்பது 12 வோல்ட். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது 14 வோல்ட்டுக்கு மேல். மூன்று வெள்ளை எல்இடி சேர்ந்து 9 வோல்ட் சொச்சம் எடுத்துக்கொள்ள, மீதி ஸ்ட்ரிப்பிலேயே இருக்கும் ரெசிஸ்டரில் விழுகிறது. 2 வோல்ட் கூடினாலும் அது முழுக்க அந்த மீதியில்தான் கூடும். கரன்ட் ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். நிறுத்திய வண்டியில் எண்ணெய் பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. பெல்ட் சத்தம், கசிவு என்று என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பவருக்கு ஸ்ட்ரிப் மஞ்சளாகிச் சீக்கிரம் மங்கும்.

மலிவான தீர்வு, பாசிட்டிவ் ஒயரில், கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5408 டயோடு இரண்டை சீரிஸில் போடுவது. ஒன்றரை வோல்ட் அளவு குறையும், ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் விளக்குக்கு ஒன்றும் ஆகாது. என்ஜின் ஓடாதபோது வெளிச்சம் சற்று மங்கும், வேலைக்குப் போதும். டயோடு சுடும், அதனால் ஒயர்க் கட்டுக்குள் திணிக்காமல் காற்றுப் படும்படி விடுங்கள். 9 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கு வாங்கியிருந்தால் இந்த வேலையே தேவையில்லை.

யாருக்கு வேண்டாம்?

மாதம் ஒருமுறை வாஷர் தண்ணீர் ஊற்ற மட்டும் பானட்டைத் திறப்பவருக்கு நெற்றியில் மாட்டும் டார்ச் போதும், அது எந்தப் பக்கமும் திரும்பும். ஆனால் சார்ஜ் செய்யும் லித்தியம் விளக்கை பானட்டுக்குள்ளேயே நிரந்தரமாக ஒட்டி வைக்காதீர்கள். அந்தச் சூடு அந்த பேட்டரிக்கு ஆகாது. எலி வராமலிருக்க ராத்திரி முழுக்க எரியவிடலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. எலி போகுமோ என்னவோ, பேட்டரி போய்விடும். அந்த எலி கடிக்கத் தோதாகப் புது ஒயர் வேறு போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் ஸ்லீவின் முனைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

என்றாவது எரியாமல் போனால் முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தால் டாகிளை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகடிவிலும் சிவப்பை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். டயோடு போட்டிருந்தால் பேட்டரியைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அது சரி. அங்கே ஒன்றுமே வராவிட்டால் ஃபியூஸுக்கும் விளக்குக்கும் நடுவில், டாகிளிலோ கீல் பக்கத்திலோ, எங்கோ அறுந்திருக்கிறது. வருகிறது, ஆனால் எரியவில்லை என்றால் பின் சுவிட்சின் ஒயரைக் கழற்றி நேரே பாடியில் தொடுங்கள். எரிந்தால் பின்னைச் சுத்தம் செய்ய வேண்டும். எரியாவிட்டால் பானட்டை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மினுக்கினால் ஸ்லீவுக்குள் இழை அறுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒட்டுப் போடாமல் கீலைக் கடக்கும் துண்டை முழுதாக மாற்றிவிடுங்கள்.